நியூட்ரல்

வின்சரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
என் வீட்டுக் கராஜ் வாசலில்
மிச்சிகன் தகட்டோடு ஒரு கார் நின்றது.
தம்பியினுடையது.

நண்டுக்கறி சாப்பிட வந்தவன்.
இரண்டாம் நண்டின் காலை உடைக்கும்போது
வயிற்றைப் பொத்திக்கொண்டு குசினித் தரையில் குந்தினான்.
பித்தப்பையில் கல்.
அம்புலன்ஸில் ஏற்றும்போது கேதீஸ் சொன்னது இவ்வளவுதான்:
"திறப்பு மேசையில கிடக்கு."

மூன்றாம் நாள் நோவியிலிருந்து அவன் சிநேகிதன்
போர்வையோடு வந்தான்.
பின்சீற்றில் படுக்கவைத்துச் சுரங்கத்தால் கொண்டுபோனான்.
அங்கேதான் காப்புறுதி.
அங்கேதான் கத்தி.
கார் மட்டும் இங்கே.
அதற்கு முன்னால் என் கொரொல்லா,
கராஜ் கதவுக்கும் அவன் பம்பருக்கும் நடுவில்
பல்லிடுக்கில் இறைச்சி மாதிரி.

எடுத்து ஓட்டினால் என்ன?
நானும் கேட்டேன்,
எல்லை அலுவலகத் தொலைபேசியில்
முப்பத்தேழு நிமிடம் ஒரே வயலினைக் கேட்டபிறகு.
"காரைக் கொண்டுவந்தது யார்?"
"தம்பி."
"நீங்கள் வசிப்பது?"
"கனடாவில்."
"அப்படியென்றால் நீங்கள் ஓட்டக் கூடாது."
"றோட்டுக்கு எடுத்து, திருப்பி விட..."
"தூரம் பிரச்சினையில்லை. நீங்கள்தான் பிரச்சினை."
குரலில் கோபமில்லை, தடிமன் இருந்தது.
கூடப்பிறந்தவள் என்றேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றாள்.

(நானும் ஒருகாலம்
கட்டம் இல்லாத ஆளாய் வந்திறங்கியவள்தான்.
அப்போது என்னிடம் கார் இருக்கவில்லை.)

பகிடி என்னவென்றால்
என் கொரொல்லாவை நான் டெட்ரோய்ட் முழுக்க ஓட்டலாம்.
நானும் விருந்தாளி, காரும் விருந்தாளி.
அவன் காரை அவன் இங்கே ஓட்டலாம், அதே கணக்கு.
என் கை அவன் ஸ்டியரிங்கில் பட்டால்தான்
அது இறக்குமதி ஆகிவிடுகிறது,
வரி கட்டாத பெட்டி போல.

பத்தொன்பது நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.
இருபதாம் நாள் ஞாயிறு.
வைத்தியசாலைச் சலவையறையில் விடிய ஐந்துக்கு நிற்கவேண்டும்,
அந்நேரம் பஸ் கிடையாது.
காரின் தலையில் அரை முழம் பனி.

சனி இரவு முன்வீட்டு நாஸிஃப் சவளோடு வந்தார்,
வளர்ந்த இரண்டு பெடியன்களும் கூட.
"ஓட்டக் கூடாது. சரி.
தள்ளக் கூடாதென்று சொன்னாளா?"
சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

ஆனால் யாராவது உள்ளே இருக்கத்தானே வேண்டும்.
அவனுடைய நெடுங்காலுக்கு விட்ட சீற்,
என் பாதம் பிரேக்குக்கு எட்டவில்லை.
முன்னுக்கு இழுத்தேன்.
திறப்பை அரைவாசி திருப்பி
கியரை நடுவில் வைத்தேன்.
கதவுப் பையில்
பாதி தின்ற பகோடாப் பொட்டலம்,
அம்மாவின் திவசத்துக்கு வந்த நாளின் பாலச்சிட்டை.
ஸ்டியரிங் அம்மிக்கல்லாய்க் கனத்தது.
முன்னால் மூன்று பேர் மூச்சு வெள்ளையாய்ப் போக
கார் பின்னோக்கி உருண்டது, சத்தமில்லாமல்,
யாரும் ஓட்டாத மாதிரி.

தெருவின் வளைவில் ஒரு பொலிஸ் வண்டி திரும்பியது.
கையை மடியில் வைத்தேன்.
நாஸிஃப் சவளை உயர்த்தி வணக்கம் சொன்னார்.
அதுவும் சொல்லிவிட்டுப் போனது.

என்னுடையதை வெளியே எடுத்தேன்.
அவனுடையதைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள்.
ஏற்றம்.
பெடியன்கள் அரபியில் யாரையோ வைதார்கள்,
சட்டத்தையாக்கும்.

ஆறாம் கிழமை கேதீஸ் வந்தான்,
மெலிந்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டு.
நண்டு வேண்டாம் என்றான்.
தேத்தண்ணி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.
கார் நின்ற இடத்தில்
எண்ணெய்ச் சொட்டு ஒன்று, அமெரிக்கச் சொட்டு,
இங்கேயே தங்கிவிட்டது.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது.
சுரங்க வாசலில் வரிசையில் நிற்கிறானாம்.
"அக்கா, முழங்கால் இடிக்குது.
சீற்றை ஆர் முன்னால இழுத்தது?"

"நான் ஓட்டேல்லை," என்றேன்.

"அப்ப என்ன..."
என்று தொடங்கினான்.
ஆற்றுக்கு அடியில் இறங்கியிருப்பான்.
லைன் அறுந்தது.