கட்டியாச்சு

அட்டனில் மழையை யாரும் மழை என்று சொல்வதில்லை.
"இருட்டிக்கிட்டு வருது" என்பார்கள்,
வந்து நனைத்த பிறகும்.
அப்படி ஒரு பின்னேரம்
ஃபார்மசிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
தோளில் இளையவன்.
அவன் நெஞ்சுக்குள் எண்ணெய் காணாத கதவு ஒன்று
மூச்சுக்கு மூச்சு கீச்சிட்டது.

இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது என்றார்கள்.
என் லேஞ்சி முடிச்சில் ஆயிரத்துத் தொளாயிரம்.
எண்ணினேன்.
எண்ணினால் கூடும் என்பது போல
திரும்பவும் எண்ணினேன்.
"பம்ப் மட்டும் தாங்க, குளிசை பிறகு"
சொல்ல வாயெடுக்குமுன்
உள்ளே நின்ற பொடியன் பையை நீட்டினான்.
"கட்டியாச்சு அக்கா."

யார்?

"முன்னுக்கு நின்ன ஐயா. போயிட்டார்.
குடையில ஒரு கம்பி ஒடிஞ்சிருந்துச்சு."

ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் நூறு குடை.
ஒடிந்த கம்பியும் ஒடியாத கம்பியும்
அந்த மழைக்கு ஒரே கறுப்பு.
பொகவந்தலாவ பஸ் புகையைக் கக்கிப் புறப்பட்டது.
அதில் அவர் இருந்திருக்கலாம்.
நோர்வூட் பஸ்ஸிலும் இருந்திருக்கலாம்.

கடன் எனக்குப் புதிதல்ல.
கடைக் கொப்பியில் என் பேர் மூன்று பக்கம்.
நத்தாருக்கு வாங்கிய முற்பணத்தைப்
பங்குனி வரை பிடிப்பார்கள்.
சீட்டுக்காரி ரொசலினுக்கு
என் காலடிச் சத்தமே தெரியும்.
ஆனால் கொடுத்தவர் பேர் இல்லாத கடன்
இதுதான் முதல்.
மடியில் அந்த முடிச்சு
சுட்ட கிழங்கு மாதிரிக் கிடந்தது.

ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை வந்தது.
கை உள்ளே போனது, விரல் திறக்கவில்லை.
கஞ்சத்தனம் என்று நினைப்பீர்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
பிறகு தகரக் கூரைக்குக் கீழே
சவுக்கு மரத்தில் செய்த சிலுவையைப் பார்த்தேன்.
வாராவாரம் பார்ப்பதுதான்.
அன்றைக்கு மட்டும் அவர்
எனக்கு முன்னால் வரிசையில் நின்று
பேர் சொல்லாமல் போன ஆளாக இருந்தார்.

முடிச்சை இரண்டு முறை அவிழ்த்தேன், அரிசிக்கு.
சம்பளத்தன்று திரும்ப முடிந்தேன்.

ஐப்பசியில், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு எதிரே
லேப் வாசலில்
கணக்கப்பிள்ளை மாசிலாமணி.
சட்டைப்பை வெளியே தொங்க,
தேடிய இடத்தையே திரும்பத் தேடிக்கொண்டு.
பேர்ஸைக் காணவில்லை.
மனைவியின் ரத்தப் பரிசோதனைத் துண்டு
பல்லிடுக்கில்.

மாசிலாமணி!
என் கொழுந்தில் தினமும்
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிக்கிறவர்.
வெயில் நாளிலும் ஈரம் பார்க்கிறவர்.
பத்து நிமிஷம் பிந்தினேன் என்று
அரைப்பேர் போட்டுப் பேனையை மூடியவர்.

உண்மையைச் சொல்கிறேன்,
கால் மறுபக்கம் திரும்பியது.
ஆண்டவரே, இவரா?
வேறு ஆளே இல்லையா உம்மிடம்?
ஒரு விதவை, ஒரு பசித்த பிள்ளை,
கொடுத்தால் மனசு குளிர்கிற மாதிரி ஒருவர்?
கேட்டுக்கொண்டே நின்றேன்.
பதில் வரவில்லை. மூடுபனிதான் வந்தது.
வந்து ஆட்டோக்களை அழித்தது,
ஆஸ்பத்திரி மதிலை அழித்தது,
அவரை மட்டும் விட்டுவைத்தது.

ஆயிரத்துத் தொளாயிரம்.
மிச்சத்துக்கு என் பஸ் காசில் இருநூறு.

அவர் துண்டைப் பல்லிலிருந்து எடுத்தார்.
"எப்ப திருப்பித் தரணும்?"
என் வாய் வரைக்கும் வந்தது
அந்த இரண்டு கிலோ.
நாக்கு அதை எப்படியோ விழுங்கிவிட்டு
"கட்டியாச்சு" என்றது.
லயத்துக்கு நடந்தே போனேன்.
அட்டை இரண்டு இடத்தில் கடித்தது.

மறுநாள் தராசில்
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தார்.
மழை நாள். நியாயம்தான்.

பிந்தி ஓடிவந்த பேச்சாயியின் முறை வந்தபோது
பேனையைத் திறந்தவர்
கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றார்.
என்ன எழுதினார் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.