எடைமேடையில் ஆறு பேர்

மரம் ஏற வருகிறேன் என்றவர்களிடம்
முதலில் எடையைத்தான் கேட்டேன்.
ரோசலின் ஐம்பத்தெட்டு.
முபாரக் எழுபத்தொன்று, யோசிக்காமல்,
பேருந்துக் கட்டணம் சொல்வதுபோல.
தமிழ்க்கொடி "சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா" என்று கேட்டு
நாற்பத்தொன்பது என்றாள்.
எபினேசர் எண்பத்திரண்டு. குணாளன் அறுபத்துநாலு.
என் பெயருக்கு எதிரே அறுபத்தொன்று என்று
நானே எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் லாரி எடைமேடை என்னுடையது.
ஜவ்வரிசி மூட்டை, வெல்லம், மஞ்சள்.
பார எடைக்கு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து
வெறுவண்டி எடைக்கு மட்டும்
டீ குடிக்க இறங்கிவிடும் டிரைவர்களை
கதவு சாத்தும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.

வெள்ளி இரவு கடைசி லாரி போன பிறகு
ஆறு பேரும் மேடைமேல் ஏறி நின்றோம்.
பத்துப் பத்தாய்த்தான் காட்டும் அந்த எந்திரம்,
தனித்தனியாக யாரையும் பிடிக்காது.
தாளில் கூட்டினால் முந்நூற்று எண்பத்தைந்து.
பலகையில் சிவப்பாக
நானூற்றுப் பத்து.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"செருப்பு" என்றான் எபினேசர்.
"செல்போன்" என்றாள் தமிழ்க்கொடி.
இருபத்தைந்து கிலோவுக்குச் செருப்பு.
அதில் ஏழு என்னுடையது.
மீதிப் பதினெட்டு யாருடையது என்று
இன்றுவரை கேட்கவில்லை.
இடுப்புவார்களை மட்டும்
ஒவ்வொரு அளவு பெரிதாக மாற்றி எடுத்து வைத்தேன்.

பிறகு கயிறு.
ஆபீஸ் தரையில் விரித்து, விரலிடுக்கில் ஓட்டி,
ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்,
கண்ணை மூடிக்கொண்டால்தான் கைக்குத் தெரியும்.
முப்பத்தொன்றில் ஓர் இடம் மெத்தென்றது.
மேலுறை முழுசு. உள்ளே ஏதோ இல்லை.
முபாரக் இழுத்துப் பார்த்து "தாங்கும்" என்றான்.
கத்தியை எடுத்தேன்.
நாலாயிரம் ரூபாய் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள்
கயிறு இரண்டாகிவிட்டது.

மரத்தை போன வாரமே பார்த்தாயிற்று,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே,
மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில்.
சில்வர் ஓக்குகள் நெடுநெடுவென்று ஆசை காட்டின;
மிளகுக்கொடி ஏறட்டும், நாம் வேண்டாம்.
நடுவில் ஒரு பலா.
கிளை என் இடுப்பு கனம், பட்டை வெடிப்பில்லை,
தென்புறம் மட்டும் முசுறு கூடு இரண்டு.
எஸ்டேட் ரைட்டர் சந்தியாகு அண்ணாந்து பார்த்தார்.
"காய் ஒண்ணுமில்லையே, எதுக்கு ஏறுறீங்க?"
எங்களிடம் பதில் இல்லை.
விழுந்தால் தோட்டம் பொறுப்பில்லை என்று
காப்பிக்கொட்டைச் சீட்டின் பின்புறம் எழுதி
ஆறு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அங்கே டவர் கிடைக்காது. ஆகவே விசில்.
ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு.
மூன்றுக்கு என்ன என்று ரோசலின் கேட்டாள்.
மூன்றுக்கு, கீழே இருப்பவர் வண்டியை எடுக்க வேண்டும்;
சாவி வண்டியிலேயே இருக்கும்.
அதற்குப் பிறகு சிறிது நேரம்
எல்லோரும் தலைக்கவசத்தின் வாரைச்
சரி செய்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஏழரை. பனி கலையவில்லை.
எறிபையைக் குணாளன் பதினோரு தடவை வீசினான்,
பன்னிரண்டாவது கிளைக்கு மேலே போய்
அந்தப் பக்கம் மெல்ல இறங்கியது.
பட்டை அறுபடாமல் உறை மாட்டி
கயிற்றை ஏற்றினோம்.
யாரும் ஏறுவதற்கு முன்
இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்க்க வேண்டும்,
பாதம் தரையை விட்டு ஒரு சாண்.

எபினேசரும் நானும்.
முழு எடையையும் விட்டோம்,
சொன்னதும் சொல்லாததும்.
கிளை கொஞ்சம் தாழ்ந்து
இலை இலையாய்ப் பனியை எங்கள்மேல் கொட்டி
அங்கேயே நின்றது.

"எண்பத்தொன்பது" என்றான் அவன்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.