மலையின் பெயர்தான்

ஃபோர்ட் நெல்சனில் யாராவது என் பெயரைக் கேட்டுப்
புருவம் உயர்த்தினால்
"அவர் இல்லை, அந்த மலை" என்பேன்.
பதினோரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.
வங்கியில், பல் மருத்துவரிடம்,
லாரி உரிமம் புதுப்பிக்கும் ஜன்னலில்
மேற்கே கை நீட்டுவேன்.
மேகம் மூடியிருந்தாலும் நீட்டுவேன்.

அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர்.
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்
சம்பளமில்லாத வீட்டில் பிறந்தேன்.
கொடுக்க வேறொன்றும் இல்லை.
தூரதேசத்துத் தலைவர் ஒருவரின் பெயரை
முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.
அந்தப் பெயரின் கீழே எத்தனை பேர் புதைந்தார்கள் என்று
அவர் படித்த பத்திரிகை எழுதவில்லை.
மற்றவை எழுதின;
அவர் படிக்கவில்லை.

போன செப்டம்பரில் விக்டோரியாவிலிருந்து கடிதம்:
மலையின் பெயர் நீக்கப்படுகிறது.
இந்த ஊருக்கே கடற்படைத் தளபதி ஒருவர் பெயர்.
கடல் இருக்கும் திசைகூட எங்களுக்குச் சந்தேகம்.
அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் பலகை கழற்றுவது யார் வேலை?
என் வேலை.

மாவிஸும் நானும் போனோம்.
போல்ட் துருவேறிக் கிடந்தது,
எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
அவள் டெனே இனத்துக்காரி, இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள்.
"உங்க ஆட்கள் இதை என்ன சொல்வாங்க?" என்றேன்,
பெரிதாக ஏதோ வரப்போகிறதென்று.
"எங்க வீட்டிலா? இடதுபக்கத்தது."
"திரும்பி வரும்போது?"
"வலதுபக்கத்தது."
சிரித்தாளா தெரியாது. மப்ளர் மூடியிருந்தது.

பலகை இறங்கியது.
நினைத்ததைவிட லேசு.

புதுப் பலகை வர ஒன்பது வாரம்.
அதுவரை இரண்டு கம்பங்கள்,
நடுவில்
ஒன்றும் எழுதாத மலை.
பனி முதலில் அதன் தோளில் இறங்கியது,
பிறகு கம்பங்களின் தலையில்.
தினமும் அந்த வழியே உப்புத் தூவிப் போனேன்.
தண்டனை முடிந்த முகமும் இல்லை
பட்டம் பறிபோன முகமும் இல்லை,
சும்மா இருந்தது.
அதனிடம் சொல்லியா வைத்தார்கள்,
சொல்லியா எடுத்தார்கள்?

எனக்கும் படிவம் உண்டு, கட்டணம் உண்டு.
மனைவி வசந்தகௌரி எல்லாம் நிரப்பி வைத்தாள்.
'புதுப் பெயர்' என்ற கட்டம் மட்டும் காலியாக
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழே,
பால் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் படபடக்கிறது.

நேற்று மருந்துக்கடை. இருமல்.
கவுன்டரில் புதுப் பெண், பத்தொன்பது வயதிருக்கும்.
பெயர் கேட்டாள், சொன்னேன்.
பழக்கத்தில் பாதி உயர்ந்த கை
எதைக் காட்டுவதென்று தெரியாமல் நின்றது.
அவள் புருவம் உயரவில்லை.
அவரையும் தெரியவில்லை, மலையையும் தெரியவில்லை.
"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்,
ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில்
இருமிக்கொண்டு.