திருப்பிப் போட்ட லென்ஸ்

செத்துப்போன கைப்பேசி ஒன்றின் வயிற்றைப் பிளந்து
கேமராக் கண்ணை எடுத்தேன்.
மிளகில் பாதி இருக்கும்.
அதைத் தலைகீழாய்த் திருப்பி
உயிருள்ள கைப்பேசியின் கண்மேல் ஒட்டினேன்,
இரண்டு வெள்ளி டேப்பால்.
அவ்வளவுதான் கருவி.

சுங்கை கெலாடி, வியாழன் இரவுச் சந்தை.
ஒரு பக்கம் ஆப்பம் பாலிக்,
மறுபக்கம் மூன்று ஜோடி பத்து வெள்ளிக் காலுறை,
நடுவில் நான்:
உறை, சார்ஜர், கண்ணாடி ஒட்டித் தரப்படும்.

முதலில் வைத்தது வெங்காயத் தோல்.
நாசி லெமாக் கடையில் கேட்டு வாங்கியது.
அதன்மேல் புண்ணுக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு.
திரையில் வந்து நின்றன
லயத்து வீடுகள்.
ஒட்டி ஒட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்,
எங்கே சண்டை என்றாலும் பக்கத்தில் கேட்கும்போல.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்
வீட்டுக்கு ஒரு புள்ளி,
யாரோ அணைக்க மறந்த விளக்கு.

இதைத்தான்
தமிழ்ப்பள்ளியில் உயிரணு என்று படித்தேன்.
புகுமுக வகுப்பில் அது மலாய்க்குப் போனது,
முதலாம் படிவத்தில் ஆங்கிலத்துக்கு.
ஒலி ஒன்றுதானாம், எழுத்துதான் வேறாம்.
மூன்றையும் மனப்பாடம் செய்தேன்.
ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

நுண்ணோக்கி இருந்தது, பூட்டிய அலமாரியில்.
எங்களுடையது கடைசி வகுப்பு;
உடைத்துவிடுவோமாம்.
இன்று நாளைக்கு ஏழு கைப்பேசி பிரிக்கிறேன்.
ஒன்றும் உடைந்ததில்லை.

"அக்கா, இது என்னா?"
"தெரியல. இன்னும் கிட்டே போய்ப் பாப்போம்."
அன்றிரவு நான் அதிகம் சொன்னது அதுதான்.

மாக்சிக் ரொஹானா தன் சீனியை வைத்தார்.
சதுரம் சதுரமாய், ஓரம் தீட்டியது போல.
இதையா இருபது வருடமாய் அள்ளித் தூவினேன் என்றார்.
காலுறைக்கார ஆ லியோங் தன் சரக்கையே வைத்துப் பார்த்தார்.
நூல் நூலாய்ப் பளபளத்தது நைலான்.
'நூறு சதவீதம் பருத்தி' அட்டையைச்
சத்தமில்லாமல் கழற்றினார்.

ஷஃபிகுல் குலை வெட்டிவிட்டு நேரே வந்தவன்.
சட்டைக் கையில் ஒட்டிய துகளைத் தட்டப் போனான்.
இரு, என்றேன்.
துகளுக்கு மூக்கு இருந்தது, நீளமாய்.
முதுகெல்லாம் மஞ்சள் பொடி.
நாற்றங்காலில் வேலை செய்யும் புனிதவதி
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"செம்பனைப் பூவுல திரியுற வண்டு.
இது மகரந்தம் சுமக்காட்டி காயே பிடிக்காது.
ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டாந்து விட்டாங்களாம்,
வேலைக்கு."

ஒன்பது வருடம் தட்டிவிட்ட தூசியை
அவன் நெடுநேரம் பார்த்தான்.
"பெர்மிட் இருக்கா?" என்றான் அதனிடம்.
எல்லாரும் சிரித்தோம்.
அவன் கையை வெளியே நீட்டி
ஊதாமல், உதறாமல்
அது தானாய்ப் பறக்கும்வரை நின்றான்.

பத்தரைக்கு மழை.
விற்றது இரண்டு உறை, ஒரு சார்ஜர்.
மூட்டை கட்டலாம் என்று எழுந்தபோது
தார்ப்பாய் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு
லென்ஸின்மேல் விழுந்தது.
திரை கலங்கியது,
பிறகு எல்லாம் இன்னும் பெரிதானது.
துடைக்கப் போன என் கையை
ஏழெட்டுக் குரல்கள் தடுத்தன.

திரையில் கிடந்தது என் கட்டைவிரல்:
வரப்பு வரப்பாய் ரேகை,
இடையிடையே ஸ்க்ரூடிரைவர் கீறிய பள்ளம்,
ஒரு வியர்வைத் துளி
மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.