மூன்றாம் கவுண்டர்

நான் கிளை முகாமையாளர் ஆனபோது
ஊர்ச்சனம் என்னை மின்கம்பத்தில் ஏற்றியது.
ஆறடிப் பதாகை. பட்டமளிப்பில் எடுத்த படம்.
பெயருக்கு முன்னால் ஒரு "செல்வி".
கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்பதை
ஒருவரும் யோசிக்கவில்லை.
கச்சான் காற்றுக்கு ஒரு மூலை கழன்று
மூன்று மாதம்
எனக்கு நானே கைகாட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது ஸ்ரான்லி வீதியைப் பார்த்தபடி
மேல்தளத்தில் குளிரூட்டிய கண்ணாடி அறை.
நகைக்கடன் இலக்கை இரண்டு தரம் தாண்டியதற்குக்
கொழும்பில் தந்த பளிங்குக் கிண்ணம்
கடதாசிக்குப் பாரமாய் இருக்கிறது.

குறை சொல்லத் தெரியவில்லை.
கதிரை சுழல்கிறது. தேநீர் நேரத்துக்கு வருகிறது.

ஆனால் இலக்கு என்பது
கிட்டப் போனதும் எழும்பி நடக்கிற சாமான்.
மார்கழி முப்பத்தொன்றில் பிடித்ததைத்
தை முதலாம் திகதி
பூச்சியமாக்கிக் கையில் தருவார்கள்.

கீழே, மூன்றாம் கவுண்டரில் இருந்த காலத்தில்
மூன்றரைக்கு ஷட்டர் விழும்.
காசை எண்ணுவேன். கணக்கைப் பார்ப்பேன்.
சதம் பிசகாமல் இரண்டும் சந்திக்கிற இடத்தில்
ஒரு நாள் முடியும்.
உண்மையாகவே முடியும்.
ஸ்கூட்டியை எடுக்கையில் தலைக்குள் ஒன்றும் இராது,
மீன் வாங்க வேணும் என்பதைத் தவிர.

குருநகர் மரியநேசத்தின் பெருவிரல் ரேகையை
வலைக்கயிறு தின்றுவிட்டது.
மைப்பெட்டியில் எந்தப் பக்கம் சாய்த்து ஒற்றினால்
அது மரியநேசம் ஆகும் என்று
எனக்குத் தெரியும்.
அதற்குக் கிண்ணம் இல்லை.

பழைய இடத்தைக் கேட்டு எழுதப் பார்த்தேன்.
லீவுக்குப் படிவம் உண்டு, இடமாற்றத்துக்கு, கடனுக்கு,
செத்தவீட்டு முற்பணத்துக்கும் உண்டு.
இறங்குவதற்கு இல்லை.
தலைமையகத்துப் பிள்ளை தொலைபேசியில்
குரலைத் தாழ்த்தினாள்:
"மிஸ், ஆராவது கரைச்சல் தாறாங்களோ?"
இல்லை.
"சுகமில்லையோ?"
அதுவும் இல்லை.
அதற்குப் பிறகு அவளிடம் கேள்வி இருக்கவில்லை.

இவர் மட்டும் கேட்டார்:
"விசரே உமக்கு? மேல்மாடிக்குக் கம்பி கட்டியாச்சு."
கட்டியாச்சுத்தான்.
மழையில் நனைந்து துருவேறி
வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது.

நேற்று யதுர்ஷனுக்குக் காய்ச்சல்.
இறங்கிப் போய் மூன்றில் நானே இருந்தேன்.
கதிரை பதிவு. பின்னேரம் வரை முதுகு நொந்தது.
பன்னிரண்டாம் இலக்கத் துண்டோடு வந்தவர்
என் முகத்தைப் பாராமலே சொன்னார்:
"தங்கச்சி, மனேச்சரை ஒருக்காச் சந்திக்க ஏலுமோ?"

அவ இண்டைக்கு வரேல்லை, என்றேன்,
அவருடைய ஐயாயிரத் தாள்களை
விசிறியாய் விரித்தபடி.