அசைவில்லை

முப்பது கிணறு கேட்டோம்.
மெல்போர்ன் அலுவலகம் நான்கு தந்தது.
அதிர்வு லாரிகள் ஒரு வாரம் வந்துபோனால்
ஆண்டுப் பணம் காலி.
அதனால்தான்
மெக்கில்ராயின் மேய்ச்சல் நிலத்தில்
முழங்கை ஆழத்தில் ஒரு கண்ணாடி இழை.

ஒன்றரை கிலோமீட்டர் கீழே
கரியமில வாயு
புரண்டு படுத்தால் அது சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது:
விடிகாலை நாலரைக்குக்
கறவைக்குப் போகும் இருநூற்றுப் பத்து மாடுகள்,
வார்னம்பூல் சாலையில் ஒரு டிராக்டர்,
மழை.

மாடுகளைக் கழித்து, மழையைக் கழித்து
மாதக் கடைசியில் ப்ரொன்வின் எழுதுகிறாள்:
அசைவில்லை.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்கள் சம்பளம்.

வியாழனன்று
மெக்கில்ராயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
அவர் குரல் உள்ளே போனது: "கசிகிறதா?"

"இல்லை.
உங்கள் மாடுகளில் ஒன்று நொண்டுகிறது.
கடைசியில் வருவது."