நீல வட்டம்

அவனியாபுரத்தில் மூன்றாம் மாடி,
அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் வெயில்.
நானும் பேச்சித்தாயும் ஷர்மிளாபானுவும்
ஆளுக்கு நானூறு போட்டு வாங்கினோம்
காற்றடிக்கிற நீச்சல் குளம்.
மூன்று முதல் ஆறு வயது வரை
என்று போட்டிருந்தது.
முழங்காலை மடக்கினால்
இருபத்தாறுக்கும் இடமிருந்தது.

தண்ணிக்கு லாரி வருது, நீங்க குளம் வெட்டுறீங்களா
என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டினார்
செகரட்டரி தனஞ்செழியன்.
லிஃப்ட் பங்குனியிலிருந்து ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை
இறங்கப்போன விமானத்திலிருந்து யாரோ எடுத்த படம்
புதன் காலைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது.
'மதுரையில் மர்ம நீல வட்டம்!'
சிவப்பு அம்புக்குறி, திகில் மியூசிக்.
வேற்றுக்கிரகம் என்றான் ஒருத்தன்.
வர்றப்ப ரெண்டு குடம் தண்ணி கொண்டுவந்தானான்னு கேளு
என்றவனுக்கு இருபதாயிரம் லைக்.

சிரித்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தோம்.
வட்டத்துக்குள் இரண்டு புள்ளி.
செவ்வாய் மதியம்
நாங்கள் மூவருமே ஆபீஸில்.
இன்னும் பெரிதாக்கினாள் பேச்சித்தாய்:
ஒன்று பளபளக்கும் வழுக்கை,
ஒட்டினாற்போல் ஒரு பூப்போட்ட குடை.

சாயங்காலம் கதவைத் தட்டினார் செகரட்டரி.
மூக்கு நுனி தக்காளியாய்ச் சிவந்திருந்தது.
நோட்டீஸ் விஷயம் என்றுதான் நினைத்தோம்.

"அந்த பம்பைக் கொஞ்சம் தாங்கம்மா.
ஒரு பக்கமா காத்து இறங்குது."